விலை குறைவு, ஊனம் இல்லை: ஃபியட் பாண்டா உருவான விதம்



கார் வடிவமைப்பு பற்றிய பேச்சு என்றதும் ஃபெராரியும் லம்போர்கினியும் திரையில் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது 3.38 மீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன இத்தாலியக் கார். அதன் அடிப்படை மாடலுக்கு 30 குதிரைத்திறன்தான். பெயர் ஃபியட் பாண்டா. 1980-ல் வெளிவந்தது. 2003 வரை, உருவம் பெரிதாக மாறாமல், சுமார் 45 லட்சம் வண்டிகள் தயாராயின. அதை வரைந்தவரே ஆடம்பரமான ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றையும் வரைந்தவர். ஆனாலும் மாணவர்களுக்கு ஒரே ஒரு காரைக் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

விலை குறைந்த கார் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். நடைமுறையில் பல கம்பெனிகள் செய்வது இதுதான்: நல்ல கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். பின்பக்கக் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. கதவின் உட்புறத்தில், மேல் மாடலில் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில், வெறும் பள்ளம். வாங்கியவர் தினமும் அந்த மூடியையும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும். தன்னால் எதை வாங்க முடியவில்லை என்பதை அவருடைய காரே அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும். என்னைப் பொறுத்தவரை இது வடிவமைப்பாளர் வாடிக்கையாளருக்குச் செய்கிற அவமரியாதை. பாண்டாவில் அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. அதில் எதுவும் கழற்றப்படவில்லை. முதல் கோட்டிலிருந்தே அது விலை குறைந்த காராக யோசிக்கப்பட்டது. அந்த யோசனை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் இத்தாலியின் நிலைமை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வாகனம் ஓட்டக்கூடாது என்று அரசு தடை போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி முதல் ஞாயிறு. சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் மக்கள் சாலைக்கு வந்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. சின்னக் காருக்கான தேவை கூடிக்கொண்டே போனது. ஃபியட்டிடம் இருந்த மிகச் சின்னக் கார் 1972-ல் வந்த 126. அது 1957-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற 500-இன் வாரிசு, எஞ்சின் பின்பக்கம். எஞ்சின் பின்னால் உட்கார்ந்துவிட்டால் சாமான் வைக்கும் இடம் போய்விடுகிறது. நாலு பேர் ஏறினால் மூட்டைக்கு இடமில்லை, மூட்டை ஏற்றினால் நாலாவது ஆளுக்கு இடமில்லை.

பிரான்சில் கதை வேறு. சிட்ரோயன் 2சிவி காருக்கு 1930-களில் கொடுக்கப்பட்ட கட்டளை பிரசித்தமானது: இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, உழுத நிலத்தின் குறுக்கே போனாலும் கூடையில் உள்ள முட்டை உடையக்கூடாது. 1961-ல் வந்த ரெனோ 4 காருக்குத் தட்டையான தரையும் பின்னால் அகலமான தூக்குக் கதவும் இருந்தன. இந்த இரண்டும் அழகுக்காக வாங்கப்பட்ட கார்கள் இல்லை. ஆட்டுக்குட்டி முதல் அலமாரி வரை ஏற்றினார்கள். பணக்காரரும் வைத்திருந்தார், பால்காரரும் வைத்திருந்தார். இத்தாலியில் அப்படி ஒன்று இல்லை.

1976-ல் கார்லோ டே பெனெடெட்டி ஃபியட்டின் தலைமை நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். மே மாதம் வந்தவர் ஆகஸ்டில் போய்விட்டார். நூறு நாள் ஆட்சி என்று சொல்வார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் போதும், அவரை நான் நன்றியோடு நினைக்க. ஃபியட்டுக்குள் பெரிய வடிவமைப்புப் பிரிவு இருந்தபோதிலும், அதை விட்டுவிட்டு, வெளியில் இருந்த ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு ஒரு முழுக் காரையும் ஒப்படைத்தார். பிரெஞ்சு மாதிரி ஒரு கார் வேண்டும், உள்ளே இடம் நிறைய இருக்க வேண்டும், எடையும் உற்பத்திச் செலவும் 126-ஐத் தாண்டக்கூடாது. இவ்வளவுதான் கேட்டது. எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு செலவு, எதற்குப் பயன்பட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் கட்டளை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கூப்பிடப்பட்டவர் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. 1938-ல் பியட்மான்ட் பகுதியில் காரெஸ்ஸியோ என்ற சிறு ஊரில் பிறந்தவர். பாட்டனார் தேவாலயச் சுவர்களில் ஓவியம் தீட்டியவர், தந்தையும் ஓவியர். பையனும் ஓவியனாகத்தான் போயிருக்க வேண்டியவன். டூரினில் படிக்கும்போது பள்ளிக் கண்காட்சியில் அவன் வரைந்த கார்ப் படங்களைப் பார்த்து, ஃபியட்டின் தலைமைப் பொறியாளர் டான்டே ஜாகோசா 17 வயதிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். பிறகு பெர்டோனே, கியா என்று பெரிய பட்டறைகள். 1968-ல் பொறியாளர் அல்டோ மான்டோவானியுடன் சேர்ந்து இட்டால்டிசைன் தொடங்கினார்.

இந்தக் கூட்டுச் சேர்க்கையைக் கவனியுங்கள். அதுவரை இத்தாலிய வடிவமைப்புப் பட்டறைகள் என்றால் அழகான உடலைச் செய்து கொடுக்கும் இடம். எந்தத் தகடு எந்த பிரஸ்ஸில் எத்தனை அடியில் வரும், எத்தனை இடத்தில் வெல்டிங் விழும் என்பதெல்லாம் தொழிற்சாலையின் கவலை. ஜுஜாரோவும் மான்டோவானியும் வரைபடம், மாதிரி, முன்மாதிரி வண்டி, உற்பத்திக்கு வேண்டிய பொறியியல் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்ச் செய்தார்கள். கோடு போடுகிறவருக்குப் பக்கத்திலேயே அந்தக் கோட்டின் விலையைச் சொல்லும் ஆள் இருந்தார். பாண்டா போன்ற ஒரு காரை வேறு எந்த ஏற்பாட்டிலும் செய்திருக்க முடியாது.

இங்கே கொஞ்சம் நின்று, ஜாகோசாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர் போட்ட அடித்தளம் இல்லாமல் பாண்டாவும் இல்லை, நீங்கள் இன்று வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் கார்களும் இல்லை.

1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி, எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தது. அற்புதமான யோசனை. ஆனால் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்திருந்தார்கள். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். உள்ளே ஏதாவது பழுது பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாடு. ஜாகோசா இதற்கு வேறு வழி கண்டார். எஞ்சினைக் குறுக்காகவே வைத்து, கியர்பாக்ஸை அதன் கடைசியில், பக்கவாட்டில், ஒரே வரிசையாக மாட்டினார். அப்படி மாட்டினால் கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார். முன்சக்கர இயக்கத்தில் ஃபியட் நிர்வாகத்துக்கு அப்போது பயம் இருந்தது. அதனால் 1964-ல் ஆட்டோபியாங்கி என்ற துணை நிறுவனத்தின் பெயரில் பிரிமுலா என்ற காரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் காரில் பின்பக்கத் தூக்குக் கதவும் உண்டு. 1969-ல் ஃபியட் 128-க்கும் 1971-ல் 127-க்கும் இதே அமைப்பு வந்தது.

1970-ல் ஜுஜாரோ வோக்ஸ்வாகன் காரர்களைப் பார்க்க வொல்ஃப்ஸ்பூர்க் போனபோது, அங்கே ஒரு ஃபியட் 128-ஐக் கடைசி நட்டு வரை பிரித்து அடுக்கி வைத்திருந்தார்களாம். எதை மிஞ்ச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்திப்பிலிருந்துதான் 1974-இன் கோல்ஃப் பிறந்தது. நம் சாலைகளை நிறைத்த மாருதி 800-இலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் இதே முறையில்தான் குறுக்காக உட்கார்ந்திருந்தன. இன்று உலகில் ஓடும் சின்னக் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் அமைப்பு. ஜாகோசா பெயரைப் பொறியியல் பாடப் புத்தகங்களில் இன்னும் பெரிதாகப் போட வேண்டும்.

சரி, பாண்டாவுக்கு வருவோம். இத்தாலியில் ஆகஸ்ட் மாதம் ஊரே விடுமுறையில் போய்விடும். ஜுஜாரோவும் சார்டீனியாத் தீவுக்குப் போனார். கொடுத்த வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். காரின் முதல் ஓவியங்கள் அந்த 1976 கோடையில் வரையப்பட்டவை. திட்டத்துக்கு அப்போது வைத்த பெயர் ‘சைபர்’. வேலை கொடுத்த டே பெனெடெட்டி அதற்குள் ஃபியட்டை விட்டே போய்விட்டார். திட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

வெளியிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் தட்டை. முன்கண்ணாடி கூட. இது எவ்வளவு பெரிய முடிவு என்று விளக்குகிறேன். வளைந்த கண்ணாடி செய்ய வேண்டுமென்றால், தட்டைக் கண்ணாடியை அது இளகும் வரை சூடாக்கி, அச்சின் மேல் வளைய வைக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அச்சு. இடது கதவுக்கு ஒன்று, வலது கதவுக்கு ஒன்று. வளைந்த கண்ணாடி கதவுக்குள் இறங்கும்போது வளைவான பாதையில் இறங்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி கதவின் உள்வயிறு தடிமனாக வேண்டும். தட்டைக் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நேராக இறங்கும், நேராக ஏறும். கதவு மெல்லிதாகிறது, கதவு மெலிந்தால் தோளுக்கும் முழங்கைக்கும் இடம் கிடைக்கிறது. தட்டைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வித்தியாசமும் கிடையாது. திருப்பிப் போட்டால் இடது கதவின் கண்ணாடி வலது கதவுக்குச் சரியாக இருக்கும். கடைக்காரர் ஒரே ஒரு பாகத்தை வாங்கி வைத்தால் போதும். உடைந்தால் மாற்றும் செலவும் குறைவு.

கண்ணாடி தட்டை என்றானதும் கதவும் தட்டையாகத்தான் வர முடியும். கதவு தட்டை என்றால் முழு உடலும் அப்படித்தான். ஒரு முடிவு அடுத்த முடிவை இழுத்துக்கொண்டு வருகிறது. பெரிய தட்டைத் தகட்டில் ஓர் ஆபத்து உண்டு: வண்டி ஓடும்போது அது அதிரும், சத்தம் போடும். கண்ணுக்கும் அது உள்ளே அமுங்கினாற்போலத் தெரியும். அதனால் பக்கவாட்டில் மெல்லிய மடிப்புக் கோடுகள் ஓடவிட்டார் ஜுஜாரோ. தகட்டுக்கு விறைப்பு வந்தது, உடலுக்கு ஒரு முகமும் வந்தது. கீழ்ப்பாதியில் சாம்பல் நிறத்தில் தடிமனான பிளாஸ்டிக் பூச்சு. குறுகலான தெருக்களில் உரசினாலும், கல் தெறித்தாலும், டிங்கரிங் கடைக்கு ஓட வேண்டாம்.

முன்பக்கத் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு முகம் சமச்சீராக இருக்கும். முதல் பாண்டாக்களில் காற்று போகும் துளைகள் ஒரு ஓரமாக மட்டும் இருக்கும். காரணம் எஞ்சின்தான். பாண்டா 30 மாடலுக்கு 126-இலிருந்து எடுத்த 652 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சினை நீளவாக்கில் முன்னால் வைத்தார்கள். பாண்டா 45 மாடலுக்கு 127-இன் 903 சிசி, நாலு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்கள். இரண்டும் ஏற்கெனவே ஃபியட் தொழிற்சாலையில் தயாராகிக்கொண்டிருந்தவை. புது எஞ்சினுக்கென்று காசு செலவழிக்கவில்லை. எந்த எஞ்சினுக்கு எந்தப் பக்கம் காற்று வேண்டுமோ, அந்தப் பக்கம் துளை. அழகுக்காக மறுபக்கமும் போலித் துளை போடலாமே என்று யாரும் நினைக்கவில்லை. எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த இடம் இந்த முகம். உள்ளே இருப்பதை வெளியே உள்ளபடி சொல்கிறது.

ஸ்டெப்னி டயரையும் பானெட்டுக்குள்தான் வைத்தார்கள். பின்னால் தரை முழுக்கக் காலியாகக் கிடைத்தது.

இனி உள்ளே ஏறுங்கள். டேஷ்போர்டு என்று நாம் நினைக்கிற பொருளே அங்கே இல்லை. டிரைவருக்கு எதிரே ஒரு சிறு பெட்டியில் மீட்டரும் ஸ்விட்சுகளும். மீதி அகலம் முழுக்க ஒரு நீண்ட திறந்த பை. மேலே துணி போர்த்தியது. செய்தித்தாள், காய்கறி, கையுறை, குழந்தையின் பொம்மை, எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். பையின் விளிம்பில் ஓடும் கம்பியில் ஆஷ்டிரே தொங்குகிறது; அதை இடமும் வலமுமாக நகர்த்திக்கொள்ளலாம். முன் இருக்கைகள் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி மாட்டியவை. இருக்கை உறைகளைக் கழற்றித் துவைத்துக் கொடியில் காயப்போடலாம்.

பின் இருக்கைக்குத்தான் இத்தனை பேச்சும். இரண்டு குழாய்களுக்கு நடுவே கட்டிய ஒரு நீண்ட துணிப்படுகை. அவ்வளவுதான் அந்த இருக்கை. குழாய்களின் முனைகள் காரின் பக்கச் சுவரில் உள்ள பள்ளங்களில் உட்காரும். குழாயை எடுத்து வேறு பள்ளத்தில் வைத்தால் இருக்கையின் உருவம் மாறும். இப்படி ஏழு விதமாக மாற்றலாம் என்று ஃபியட் சொன்னது. இயல்பாக வைத்தால் மூன்று பேர் உட்காரலாம். தளர்த்தி விட்டால் தூளி. குழந்தையை அதில் கிடத்தித் தூங்கவைக்கலாம். நடுவில் மடித்தால் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் ஒரு பள்ளம் கிடைக்கும். ஒயின் நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவையை அதில் வைத்தால் திருப்பத்தில் உருளாது. முன் இருக்கைகளையும் சாய்த்து நீட்டிவிட்டால் ஒரு படுக்கை. முன்னால் தள்ளி மடித்தாலோ, மொத்தமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டாலோ, பின்னால் 1000 லிட்டருக்கு மேல் இடம்.

இதில் மோட்டார் இல்லை, கியர் இல்லை, சிக்கலான கீல் கூட இல்லை. குழாய், துணி, பள்ளம். இன்றைய விலையுயர்ந்த கார்களில் இருக்கையை மடக்க ஏழெட்டு நெம்புகோல்களும் மின்மோட்டார்களும் வைத்து, அத்தனைக்கும் பிறகு மூன்று விதமாகத்தான் மடங்குகிறது. பாண்டாவின் இருக்கையைச் செய்தவர் முதலில் அந்தக் குடும்பத்தின் ஒரு வாரத்தை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். திங்கள்கிழமை வேலைக்கு, வியாழக்கிழமை சந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு, திரும்பும்போது தூங்கிவிட்ட குழந்தை. அந்த வாரத்தை முடித்த பிறகுதான் அவர் பென்சிலைத் தொட்டிருக்க வேண்டும்.

எடை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 126-இன் எடைக்குள் அடக்கவேண்டும் என்ற இலக்கை முழுக்க எட்ட முடியவில்லை. அடிப்படைப் பாண்டா சுமார் 650 கிலோ வந்தது. 126 அதைவிடச் சில பத்துக் கிலோ குறைவு. ஆனால் 126-ஐ விட 33 சென்டிமீட்டர் நீளமான, உள்ளே இடத்தில் ஒப்பிடவே முடியாத ஒரு கார் அந்த எடையில் நின்றது பெரிய சாதனை.

1980 பிப்ரவரியில் ரோமில், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில், அப்போதைய குடியரசுத் தலைவர் சான்ட்ரோ பெர்த்தினியிடம் காரைக் காட்டினார்கள். மார்ச்சில் ஜெனிவா கார்க் கண்காட்சி. அந்த ஆண்டு ஃபியட்டுக்கு நல்ல ஆண்டு இல்லை. ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பும் திட்டத்தை எதிர்த்து இலையுதிர் காலத்தில் 35 நாள் வேலைநிறுத்தம். அக்டோபர் 14 அன்று ஃபோர்மன்களும் அலுவலக ஊழியர்களும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கோரி டூரின் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். இத்தாலியத் தொழிற்சங்க வரலாறே அந்த நாளில் திசை மாறியது. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். நமக்கு வேண்டியது இது: கம்பெனி தள்ளாடிய அந்த நேரத்தில் அதற்குத் தோள் கொடுத்தவை, மில்லியன் கணக்கில் விற்கக்கூடிய சின்னக் கார்கள். 1980-ல் பாண்டா, 1983-ல் அதே ஜுஜாரோவின் ஊனோ. 1981-இன் ‘ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார்’ தேர்வில் பாண்டா ஃபோர்டு எஸ்கார்ட்டுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டு இத்தாலிய வடிவமைப்புத் துறையின் உயரிய விருதான கோம்பாஸ்ஸோ டோரோ அதற்குக் கிடைத்தது. நாற்காலிக்கும் விளக்குக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் கொடுக்கிற விருது அது. ஒரு காருக்குக் கொடுத்தது பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. பாண்டா வீட்டுச் சாமான்களோடு சேர்த்து வைக்கத் தகுந்த பொருள்.

1983-ல் நாலு சக்கர இயக்கப் பாண்டா வந்தது. முன்பக்கம் எஞ்சினைக் குறுக்காக வைத்த சின்னக் கார் ஒன்றுக்கு நாலு சக்கர இயக்கம் கொடுத்து வரிசை உற்பத்தி செய்தது அதுவே முதல் முறை. இயக்க அமைப்பை ஆஸ்திரியாவின் ஸ்டையர் புக் நிறுவனம் செய்து கொடுத்தது. 965 சிசி, 48 குதிரைத்திறன். எடை 740 கிலோ அளவு. இந்த எண்களைப் பார்த்துவிட்டு மலையேறும் வண்டியா இது என்று கேட்கத் தோன்றும். பனியிலும் சேற்றிலும் வண்டியைப் புதைய வைப்பது அதன் சொந்த எடைதான். இந்தக் கார் இலேசு, டயர் குறுகல், முதல் கியர் மிகத் தாழ்வு. கனத்த ஜீப்புகள் புதைந்து நிற்கும் இடத்தில் இது மேலாக ஏறிப் போய்விடும். சாதாரணச் சாலையில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தேவைப்படும்போது டிரைவர் ஒரு நெம்புகோலை இழுத்தால் பின் அச்சும் சேர்ந்துகொள்ளும்.

ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் இப்படியொரு வண்டியை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சொந்தக்காரர் வயதான விவசாயி. பின் இருக்கையைக் கழற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த இடத்தில் விறகும், ஒரு ரம்பமும், நாயும். பக்கக் கண்ணாடி ஒன்று மற்றதைவிடத் தெளிவாக இருந்தது. கேட்டேன். பழையது உடைந்ததும், ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பலகையிலிருந்து அளவுக்கு அறுத்துப் பொருத்திவிட்டாராம். தொழிற்சாலையில் செய்த கண்ணாடியின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது, அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒரு காரின் பாகத்தை ஊர்க் கடைக்காரர் தன் மேசையிலேயே செய்ய முடிந்தது. ஜுஜாரோ தட்டைக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் கிராமத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டார்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் உங்களுக்கு நான் பயன்பட மாட்டேன். முதல் பாண்டாவின் பின் அச்சு கமான் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்கும், விலை குறைவு. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு மேடும் முதுகெலும்புக்குத் தெரியும். இரண்டு சிலிண்டர் எஞ்சின் நெடுஞ்சாலையில் பேசவிடாது. செங்குத்தான கண்ணாடி காற்றைக் கிழிக்காமல் முட்டிக்கொள்ளும். துரு பிடிப்பது பற்றிய புகார்கள் நிறைய. விபத்துப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, இன்றைய விதிகளின்படி அந்த மெல்லிய உடல் எந்தச் சோதனையிலும் தேறாது. இன்று யாராவது அதை அப்படியே மறுபடி செய்ய வேண்டும் என்று சொன்னால், நான் அவர் பக்கம் நிற்கமாட்டேன்.

1986-ல் பெரிய திருத்தம் நடந்தது. கமான் பட்டைகளுக்குப் பதிலாக, ஒமேகா என்ற பெயரில் காயில் ஸ்பிரிங் பொருத்திய புதிய பின் அச்சு. ரோபோக்களைக் கொண்டு பூட்டுவதற்கென்றே வடிவமைத்த ‘ஃபயர்’ எஞ்சின்கள் வந்தன. பழைய எஞ்சின்களைவிடப் பாகங்கள் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. பொறியியல் கண்ணில் இது எல்லா விதத்திலும் மேலான கார். ஆனால் அந்தத் துணிப் பின்னிருக்கை போய், மற்ற கார்களில் இருப்பது போன்ற மடக்கு இருக்கை வந்தது. துணித் தொட்டிலில் உட்காருவது சொகுசாக இல்லை என்று வாங்கியவர்கள் சொல்லியிருக்கலாம். நியாயம்தான். ஆனாலும் அந்த இருக்கையைத் திருத்தியிருக்கலாமே தவிர, தூக்கி எறிந்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு காரின் மிகத் துணிச்சலான யோசனை, மக்கள் அதற்குப் பழகுவதற்குள் விடைபெற்றுவிட்டது.

ஸ்பெயினில் சேயாட் நிறுவனம் இதே காரைச் செய்தது. பிறகு மார்பெயா என்று பெயர் மாற்றி 1998 வரை ஓட்டியது. 2003-ல் வந்த அடுத்த தலைமுறைக்கு ஜிங்கோ என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் ட்விங்கோ காரின் பெயரோடு குழம்பும் என்று ரெனோ ஆட்சேபித்ததால் கடைசி நேரத்தில் பாண்டா என்ற பெயரே அதற்கும் வந்தது. அந்தப் பெயருக்கு இருந்த மரியாதை அப்படி. அது நல்ல கார், ‘ஆண்டின் சிறந்த கார்’ பட்டமும் வாங்கியது. ஆனால் வேறு கார்.

இந்தியாவில் பாண்டா விற்பனைக்கு வரவில்லை. அதன் தம்பி ஊனோ 1990-களில் இங்கே வந்தது, பலர் ஓட்டியிருப்பீர்கள். உயரமான கூரை, நிமிர்ந்து உட்காரும் இருக்கை, சின்ன உடலுக்குள் எதிர்பாராத இடம். ஜுஜாரோ பாண்டாவில் கற்றது அத்தனையும் அதில் இருந்தது. ஃபியட்டுக்காக இட்டால்டிசைன் 1993-ல் லூச்சியோலா என்ற இன்னொரு சின்னக் காரை வரைந்தது. ஃபியட் வேண்டாம் என்றது. அந்த யோசனையை தேவூ எடுத்துக்கொண்டு 1998-ல் மாட்டிஸ் காராக்கியது. நம் ஊரில் மாட்டிஸ் வாங்கியவர்களுக்குத் தங்கள் காரின் பூர்விகம் டூரின் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் இன்னும் சில வருடங்களில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு கார்க் கம்பெனியில் வேலை செய்வீர்கள். முதல் நாளே உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் தரமாட்டார்கள். அடிப்படை மாடலின் கதவு உறையில் எட்டு ரூபாய் குறைக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்த எட்டு ரூபாயைக் குறைக்கும்போது, ஜுஜாரோவும் மான்டோவானியும் செய்ததைச் செய்துபாருங்கள்: அந்த உறை எதற்காக இருக்கிறது, அதைத் தொடுகிறவர் யார், கையில் என்ன வைத்திருப்பார் என்று முதலில் கேளுங்கள். விலை அதற்குப் பிறகு இறங்கும், பெரும்பாலும் நீங்கள் எதிர்பாராத இடத்தில்.

கடைசியாக ஒரு செய்தி. 2024-ல் ஃபியட், கிராண்டே பாண்டா என்று ஒரு புதிய காரை அறிமுகப்படுத்தியது. செர்பியாவின் கிராகுயெவாட்ஸில் தயாராகிறது. 1980-இன் பெட்டி உருவத்தை நினைவுபடுத்தும் உடல். கதவுத் தகட்டிலேயே பாண்டா என்ற எழுத்துகளை அழுத்திப் பதித்திருக்கிறார்கள். நீளம் ஏறத்தாழ 4 மீட்டர், பழையதைவிட 60 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். மின்சார மாடலும் உண்டு. பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உருவத்தை எடுத்துக்கொண்டது போல அந்த முறையையும் எடுத்துக்கொண்டார்களா என்பதை, பின் இருக்கையைத் திறந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பழைய பாண்டாவின் இருக்கை வரைபடங்களைப் பெரிதாக அச்சிட்டு அந்த மேசையில் வைத்திருக்கிறேன். ஏழு நிலைகளும் அதில் இருக்கின்றன. எழுந்து வந்து பாருங்கள். பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்கலாம்.